டர்போ காருக்கு ‘ஸ்டேஜ் 2’ பண்ணப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எக்ஸாஸ்ட் மாற்றி, இசியு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) ரீமேப் பண்ணி, அதாவது அதன் சாப்ட்வேரை மாற்றி, பலம் கூட்டித் தருகிறோம் என்று நம்ம ஊரிலேயே இப்போது கடைகள் வந்துவிட்டன. இதைத்தான் ‘ஸ்டேஜ் 2’ என்கிறார்கள். அப்படி ஒரு கடையில் நான் ஏமாற்றப்பட்டேன். பணம் திருப்பிக் கேட்டு மனு போட்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் எஞ்சின், கம்பெனியில் இருந்து வரும்போதே 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். இப்போது இந்த எஞ்சினோடு புது வண்டி வாங்க முடியாது. அதனால்தான் நன்றாகப் பராமரித்து, கொஞ்சம் பலம் கூட்டி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். கடைக்காரர் சொன்னது இதுதான்: 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் டவுன்பைப் (டர்போவில் இருந்து புகையை இறக்கும் குழாய்), அதற்குள் ஹை-ஃப்ளோ கேடலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாக ‘கேட்’, புகையைச் சுத்தம் செய்யும் பாகம்), பின்னால் முழு எக்ஸாஸ்ட், கூடவே அதற்கேற்ற சாப்ட்வேர். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேட் இல்லாத வெறும் பைப் எனக்கு வேண்டாம், கழற்றும் பழைய பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். “அதெல்லாம் பத்திரமா பேக் பண்ணித் தாரேன் அண்ணாச்சி” என்றார்.

வேலை முடிந்ததும் ஒரு டைனோ தாள் (வண்டியின் பலத்தை அளக்கும் மெஷினில் எடுத்தது) கொடுத்தார்கள். 105 இருந்தது 158 ஆகிவிட்டதாக அழகாக வளைகோடு போட்டிருந்தது. அந்தக் கடையில் டைனோவே கிடையாது. வெளியூரில் ஏற்றிப் பார்த்தோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால், தாளின் ஓரத்தில் சோதனை நடந்த இடத்தின் வெப்பநிலை 14 டிகிரி என்று அச்சாகியிருக்கிறது. நம்ம ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு இறங்காது. நான் வண்டியைக் கொடுத்தது சித்திரை மாதம். வேறு ஏதோ நாட்டில், வேறு யாருடைய காரையோ ஏற்றி எடுத்த தாளில் என் வண்டி நம்பரைப் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

அப்புறம் நாற்றம் ஆரம்பித்தது. ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் கண் எரியும். “என்னடே இது, வீடு பூரா ஒரே பெட்ரோல் நாத்தமா கெடக்கு” என்று அம்மா ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார்கள். புகைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் வண்டி அதைப் பல மடங்கு தாண்டி நின்றது. கடைக்காரருக்குப் போன் போட்டால், “தெரிஞ்ச எடம் இருக்கு அண்ணாச்சி, வண்டியே வராண்டாம், சர்டிபிகேட் நான் வாங்கித் தாரேன்” என்கிறார். தப்பு எங்கே இருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது.

எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு டவுன்பைப்பைக் கழற்றச் சொன்னேன். வெளியில் பார்த்தால் கேட் இருக்கும் இடம் போல உப்பலாக, தகடு வைத்து வெல்டிங் பண்ணியிருக்கிறது. ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் பார்த்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை. தேன்கூடு மாதிரி நுணுக்கமான துளைகளோடு ஒரு பீங்கான் கட்டியோ உலோகக் கட்டியோ இருக்க வேண்டிய இடம் அது. அந்தக் கட்டியின் மேல் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் விஷப்புகையை மாற்றும் வேலையைச் செய்கிறது. அந்த உலோகங்களுக்காகவே பழைய கம்பெனி கேட்டை வாங்கிப் போக ஆள் இருக்கிறது. என் பழைய பாகங்களைக் கேட்டபோது, “அது வெறும் துருப்பிடிச்ச இரும்பு, ஆக்கருக்குப் போயிட்டு அண்ணாச்சி” என்றார்கள். இரும்பு விலைக்கா போயிருக்கும்? ஏற்றிய சாமானில் போனதைவிடக் கழற்றிக்கொண்டு போனதில்தான் எனக்குப் பெரிய நஷ்டம்.

பைப்பாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. 304 ஆக இருந்தால் காந்தம் வளைவிலும் வெல்டிங் ஓரத்திலும் லேசாக இழுக்கும், அவ்வளவுதான். இதில் நேர்க்குழாயிலேயே பச்சக்கென்று பிடித்துக்கொண்டது. காந்தம் ஒட்டாவிட்டால் 304 தான் என்றும் நம்பிவிடாதீர்கள். மட்டமான 201 ரகத்திலும் ஒட்டாது. அதைவிட மோசம், ஃப்ளெக்ஸ் பைப்பையே விட்டுவிட்டார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் எஞ்சின் தன் மவுண்டில் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் நடுவில் அந்தப் பின்னல் குழாய். அது இல்லாததால் ஃப்ளாஞ்சுக்குப் பக்கத்து வெல்டிங்கில் மயிரிழை போல விரிசல்.

சாப்ட்வேர் கதையைக் கோயம்புத்தூரில் ஒரு ட்யூனர் எடுத்துச் சொன்னார். இசியுவை ரீட் பண்ணி லேப்டாப்பில் காட்டினார். பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கட்டங்களை எல்லாம் ஒரே சதவீதத்தில் தூக்கிவிட்டிருக்கிறார்கள். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு என்று யோசித்துச் செய்த வேலை இல்லை. இக்னிஷன் டைமிங் நல்ல உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு வைத்தது. நம்ம ஊர் வெயிலில், நான் போடும் சாதாரண பெட்ரோலில் எஞ்சின் நாக் ஆகி (உள்ளே பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து), தானே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாங்குநேரி தாண்டிக் காவல்கிணறு நோக்கி வேகமெடுத்தால் நடுவில் இழுவை செத்துப்போவதும், ஒரு தடவை எஞ்சின் கோளாறைக் காட்டும் இபிசி விளக்கு எரிந்து வண்டி முக்கிமுனகி நகர்ந்ததும் இதனால்தான். கேட் வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற கோளாறுக் குறியீட்டை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறார்கள். கேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எவ்வளவு கத்தினாலும் டேஷ்போர்டில் விளக்கு எரியாது. உள்ளே கேட் இல்லை என்று தெரிந்தே செய்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கியர்பாக்ஸைப் பற்றி அந்தக் கடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வண்டியில் இருப்பது டிகியூ200 என்ற டிரை கிளட்ச் டிஎஸ்ஜி. தயாரித்தவர்களே 250 நியூட்டன் மீட்டர்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பூஸ்ட்டை ஏற்றினால் அந்த எல்லையைத் தொடுவதற்கு ரொம்ப தூரம் இல்லை. இரண்டாவது கியரில் என் வண்டி இப்போது நடுங்குகிறது.

அந்தக் கடையில் கம்பெனி ஃபைலை (இசியுவின் ஒரிஜினல் சாப்ட்வேரை) திரும்ப ஏற்றுங்கள் என்றால் பேக்கப் எடுக்கவில்லையாம். எடுக்காமல் எழுதவே கூடாது, அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். கோயம்புத்தூர்காரர்தான் என் இசியு நம்பருக்கு ஏற்ற ஒரிஜினலைத் தேடி ஏற்றினார். ரோட்டில் சோதனைக்கு நிறுத்தினால் மாட்டுவதும் நாம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் வாகன உரிமையாளருக்கு. சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. புகை, சத்தத்துக்கு 190(2) தனி. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் என்று அவர்கள் கையை விரித்தால் அதுவும் நம் தலையில்.

இதேபோல் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் விட்டுவிடாதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு பண்ணலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. என் பில்லில் ‘ஆக்சசரீஸ்’ என்று ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தது. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கொட்டேஷன் இல்லையென்றால் கேட் வைப்பதாகப் பேசியதை நிரூபிக்க வழியே இருந்திருக்காது. வேறு எங்கே போய்ச் செய்தாலும் டவுன்பைப், கேட், ரீமேப் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் பைப்பின் இரண்டு முனையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி ஃபைலையும் கழற்றிய கேட்டையும் கையில் வாங்கிக்கொண்டு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.