நாள்பட்ட முதுகுவலி: ஊசியா, மாத்திரையா, உடற்பயிற்சியா?

முதுகுவலிக்கு அக்குபங்சர், அதாவது உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் சிகிச்சை, பலன் தருமா என்று யாராவது கேட்டால், எதோடு ஒப்பிட்டுக் கேட்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. பதில் அதைப் பொறுத்து மாறிவிடும்.

ஜெர்மனியில் நடந்து 2007-இல் வெளியான ஜெராக் ஆய்வைப் பாருங்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 1,162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சீன மரபு சொல்லும் புள்ளிகளில் முறைப்படி ஊசி. இரண்டாவது குழுவுக்குப் பெயருக்கு ஊசி: புள்ளியே இல்லாத இடத்தில், தோலுக்குக் கீழே லேசாக. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், பெயருக்குக் குத்திய ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4.

இந்த மூன்று எண்களிலேயே மொத்த வாதமும் இருக்கிறது. வழக்கமான சிகிச்சையோடு வைத்தால் ஊசிக்குப் பெரிய வெற்றி. பொய் ஊசியோடு வைத்தால் கிட்டத்தட்ட சமம். ஜெர்மனி முதல் ஒப்பீட்டுக்கு மதிப்புக் கொடுத்தது. முதுகுவலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் பொதுக் காப்பீட்டில் ஊசியைச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களைத் தரும் நைஸ் அமைப்பு இரண்டாவதற்கு மதிப்புக் கொடுத்து, முதுகுவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்று 2016-இல் சொல்லிவிட்டது.

என் கணிப்பு இது: வலி குறைவது உண்மை, ஆனால் எந்தப் புள்ளியில் குத்தினார்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. எதிர்பார்ப்பு, அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது, ஒருவர் பொறுமையாக நம் வலியைக் கேட்பது எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. மூன்றாவது குழுவினருக்குத் தங்களுக்கு ஊசி கிடைக்கவில்லை என்பது தெரியும். ஏற்கெனவே செய்து அலுத்த சிகிச்சையே மறுபடியும் என்ற ஏமாற்றமும் அந்த 27.4-இல் கலந்திருக்கும்.

அதற்காக மாத்திரையை உயர்த்திப் பிடிக்கவும் முடியாது. திடீரென்று வந்த முதுகுவலிக்குப் பாரசிட்டமால் கொடுத்து ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. குணமாகும் வேகத்தில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஓரளவு கேட்கும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். இந்த ஒரு விஷயத்தில், பழகிய கையால் குத்தும் ஊசி பாதுகாப்பானது. நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசிவது போன்ற ஆபத்துகள் உண்டு, ஆனால் மிக அரிது.

உடற்பயிற்சியின் பலனும் மிதமானதுதான். ஆனாலும் நான் அதைத்தான் முதலில் வைப்பேன். செலவு குறைவு, கற்றுக்கொண்டால் யாரையும் நம்பியிருக்க வேண்டாம். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகுவலிக்குத் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, ஊசி இரண்டுக்குமே இடம் உண்டு. ஆனால் முழங்கால் தேய்மானத்துக்கு ஊசி வேண்டாம், உடற்பயிற்சி வேண்டும் என்பது 2022-இல் நைஸ் சொன்னது.

ஒற்றைத் தலைவலியில்தான் ஊசிக்கு நல்ல பெயர். 2016-இல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, தலைவலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் முறையான ஊசியில் 50 சதவீதம், பொய் ஊசியில் 41. தடுப்பு மாத்திரைகளுக்கு அது சளைத்ததில்லை, பக்கவிளைவும் குறைவு. தினசரி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நியாயமான தேர்வு.

அப்புறம், நம் ஊரில் பல இடங்களில் ஒரே ஒரு ஊசியோ, விரலால் தொடுவதோ மட்டும்தான் நடக்கிறது. ஜெராக் ஆய்வில் குத்தியதோ ஒவ்வொரு முறையும் பதினான்கு முதல் இருபது ஊசி வரை, அதுவும் குறைந்தது பத்து முறை. அந்த முடிவுகளைத் தொடுசிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுவது சரியில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்திலிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ ஊசியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.