சென்னைப் புள்ளிவிவரம்: மாவட்டமா, நகரத் தொகுப்பா?

'சென்னை மக்கள்தொகை' என்று தேடினால் 2011 கணக்கெடுப்பிலிருந்தே இரண்டு எண்கள் வரும்: ஒன்று சென்னை மாவட்டத்துக்கு, மற்றது நகரத் தொகுப்புக்கு, அதாவது நகரமும் அதை ஒட்டி வளர்ந்த புறநகர்களும் சேர்ந்த பகுதிக்கு.

அளவு: மாவட்டம் 46.5 லட்சம், தொகுப்பு 86.5 லட்சம்.

எல்லை: மாவட்டம் அன்று 174 சதுர கிலோமீட்டர்தான். தாம்பரமும் ஆவடியும் தொகுப்பில் மட்டும்.

நிலைத்தன்மை: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அக்டோபர் 2011-இல் 42 உள்ளாட்சிகள் இணைந்து மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டரானது. மாவட்டம் அதே அளவுக்கு விரிந்தது 2018-இல். பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுத்தால் அடர்த்தி பாதிக்கும் கீழே போய்விடும். அந்த 42 உள்ளாட்சிகளின் 2011 எண்ணிக்கையைக் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

ரேஷன், பள்ளி போன்ற நிர்வாகத் தேவைக்கு மாவட்டம். போக்குவரத்து, வீட்டுவசதி, மும்பையோடு ஒப்பீடு என்றால் தயங்காமல் தொகுப்பு.