மூன்று ஓட்டை கேஸ்கட்டைக் காட்டி 41,500 ரூபாய் பறித்த பட்டறை: பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

முந்தாநாள்தான் முழு விவரமும் தெரிந்தது. இரவெல்லாம் தூக்கம் இல்லை. ஆற அமர எழுதலாம் என்று மனைவி சொன்னாள். ஆறிப்போனால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். 41,500 ரூபாய். இரண்டு மாத டீசல் செலவு.

என்னிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு டீசல் பிக்கப். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளின் முன்னால் நிற்குமே, அதே வண்டி. சத்தியமங்கலத்தில் உர மூட்டையும் மாட்டுத் தீவனமும் ஏற்றிக்கொண்டு திம்பம் மலை ஏறுவேன். தாளவாடியில் இறக்கிவிட்டு முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்குவேன். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

மூன்று வாரத்துக்கு முன் பண்ணாரி தாண்டி ஏறும்போது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டுவதற்குள் முன்பக்கம் முழுக்க ஆவி. அந்த மலையில் வண்டியை நிறுத்தி வைப்பது என்ன மாதிரி விஷயம் என்று அந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். யானை எந்த வளைவில் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, லோடோடு அப்படியே திரும்பி இறங்கிவிட்டேன். இறக்கத்தில் முள் தானாகக் கீழே வந்துவிட்டது. கீழே சமதளத்தில் வீடு வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் இதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லை. மறுநாள் காலை, எல்லா வகை வண்டியும் பார்க்கும் ஒரு பெரிய பட்டறைக்குப் போனேன். பெயர் எழுதப்போவதில்லை. பளபளவென்ற டைல்ஸ் தரை, வாசலில் ‘கம்ப்யூட்டர் முறையில் பரிசோதனை’ என்று பலகை. உட்கார நாற்காலி கொடுத்து டீ வாங்கித் தந்தார்கள். முதலாளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். “அண்ணா, நானும் விவசாயி மகன்தான், ஒரு நாள் வண்டி நின்றால் என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும்” என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

அப்புறம் என்னைக் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் அழைத்துப் போனான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. “பார்த்தீர்களா அண்ணா? சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இப்படியே ஓட்டினால் ஹெட் விரிசல் விட்டுவிடும், அப்புறம் ஒரு லட்சம்.” இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட், சிலிண்டருக்கு ஒன்றாக அதில் பெரிய வட்ட ஓட்டை இருக்கும். சொல்லிவிட்டு உடனே இன்ஜினை அணைத்துவிட்டான். இரண்டு நிமிடம் கூட ஓடியிருக்காது.

கண்ணால் பார்த்த பிறகு எப்படிச் சந்தேகப்படுவது? குமிழி வந்தது உண்மை. மலையில் அவசரத்தில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், மூடியைத் திறந்து ஓடவிட்டால் அது குமிழியாக வெளியேறிவிட்டுச் சில நிமிடத்தில் நின்றுவிடும் என்பதும் உண்மை. கேஸ்கட் போயிருந்தால் குமிழி நிற்கவே நிற்காது, ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தக் கூடும். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கக்கூடும். என் கண் முன்னாலேதான் அந்தக் கம்பியை உருவினார்கள். ஆயில் சுத்தக் கறுப்பு. ‘ஆயிலும் மாற்ற வேண்டும்’ என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நான்கு நாள் வண்டி அங்கே நின்றது. மூன்றாம் நாள் போனபோது ஒரு பையன் கருகிப்போன கேஸ்கட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். அதைப் போட்டோ எடுத்து மச்சானுக்கு வேறு அனுப்பினேன், ‘நல்ல வேளை, தப்பித்தேன்’ என்று. இதை எழுதும்போது கை கூசுகிறது.

கணக்கு ஒரு வெள்ளைத் தாளில் வந்தது. கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. ஸ்கேன் 1,200, கேஸ்கட் செட் 4,800, ஹெட் பேசிங்கும் பிரஷர் டெஸ்டும் 7,500, வாட்டர் பம்ப் 5,500, கூலன்ட், ஆயில், பில்டர் எல்லாம் சேர்த்து 6,500, கூலி 16,000. ஆக 41,500 ரூபாய். முறையான பில் கேட்டேன். “போட்டுத் தருகிறேன் அண்ணா, ஆனால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட வரும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு?” என்றான். என் நன்மைக்குச் சொல்கிறானாம். 25,000 ரூபாயைப் போனில் அனுப்பினேன். பணம் போன வங்கிக் கணக்கு யாரோ ஒரு பெண் பெயரில் இருந்தது. மீதி 16,500 ரொக்கம், மனைவி சீட்டு எடுத்து வைத்திருந்த பணம்.

கோபி வரை காலி வண்டியாக ஓட்டிப் பார்த்தேன். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. பதினோரு வருடத்தில் அவ்வளவு கீழே நின்று பார்த்ததில்லை. சந்தோஷப்பட்டேன், மடையன்.

அடுத்த நாள் முப்பது மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். எட்டாவது வளைவு. போன தடவைக்கு ஒரு வளைவு முன்னாலேயே முள் சிவப்பு.

அங்கே நின்றபடியே போன் செய்தேன். “புது கேஸ்கட் செட் ஆக ஒரு வாரம் ஆகும் அண்ணா” என்றான். கேஸ்கட் என்ன புதுச் செருப்பா, காலில் செட் ஆவதற்கு? மறுநாள் நேரில் போனால் முதலாளி பழனிக்குப் போயிருக்கிறாராம். அதற்கு அடுத்த நாள், லோடு அதிகம் ஏற்றியிருப்பீர்கள் என்றார்கள். அப்புறம் இரண்டாவது கியரில் ஏறியது தவறு என்றார்கள். பதினோரு வருடமாக அந்த இருபத்தேழு வளைவையும் ஏறுகிறவனிடம் கியர் பாடம். கடைசியில் ரேடியேட்டர் பழையது, 14,000 ரூபாய் கொடுத்தால் புதிது போட்டுவிடலாம் என்றார்கள். 41,500 கொடுத்தவனிடம் இன்னொரு 14,000! அதற்குப் பின் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது.

மச்சான்தான் புளியம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. அவர் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேட்டது, “எந்த இடத்தில் சூடாகிறது? சமதளத்தில் வேகமாகப் போகும்போதா, லோடோடு மெதுவாக ஏறும்போதா?” சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், மலையில் ஊர்ந்து ஏறும்போது விசிறி இழுக்கும் காற்றுதான் கதி என்றார். வண்டியை நன்றாகச் சூடேற்றச் சொல்லி, இன்ஜினை அணைத்துவிட்டு, விசிறி இறக்கையை ஒற்றை விரலால் தட்டினார். அது பம்பரம் மாதிரி ஐந்தாறு சுற்றுச் சுற்றியது. சூடான இன்ஜினில் அப்படிச் சுற்றக்கூடாதாம். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உடனே நிற்க வேண்டுமாம். விசிறிக்கு நடுவில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்குக்குள் சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. அது கசிந்துவிட்டால் விசிறி பெயருக்குச் சுற்றும், காற்றை இழுக்காது. கப்ளிங்கைச் சுற்றிலும் எண்ணெயில் புழுதி ஒட்டிக் கறுப்பு வளையமாக இருந்ததைத் துணியால் துடைத்துக் காட்டினார்.

அதோடு விட்டிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும். ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். பல வருட எண்ணெய் அழுக்கு, வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. சைலன்சர் பக்க நட்டுகளில் துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. “ஹெட்டைக் கழற்றவே இல்லையே தம்பி” என்றார். நான் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். “உன் வண்டி எத்தனை சிலிண்டர்?” நான்கு. “இதில் எத்தனை வட்டம் என்று எண்ணு.”

மூன்று. ஏதோ டிராக்டருடைய கேஸ்கட்.

வாட்டர் பம்பும் பழையதுதான், தண்ணீர்ச் சுண்ணாம்புக் கறையோடு. ஒன்று மட்டும் செய்திருந்தார்கள்: இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வை உருவி எறிந்திருந்தார்கள். முள் பாதிக்குக் கீழே நின்றது அதனால்தான். காலி வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்க்கிறவனை ஏமாற்ற அது போதும். ஸ்கேன் 1,200 ரூபாயைப் பார்த்துத்தான் பெரியவர் சிரித்தார். இந்த வண்டியில் டீசலைச் செலுத்துவது மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டரே கிடையாது, வயரை எதில் சொருகினான் என்று கேட்டார்.

புது கப்ளிங் 3,600, தெர்மோஸ்டாட் 650, கூலி 500. மொத்தம் 4,750 ரூபாய். நேற்று லோடோடு மேலே வரை ஏறினேன், முள் பாதியைத் தாண்டவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. எப்போது சூடாகிறது என்று கேட்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கை வெந்துவிடும். இன்ஜின் ஓடும்போது விசிறிப் பக்கம் விரலைக் கொண்டு போகாதீர்கள். ஹெட் கழற்றுகிறோம் என்றால் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய சாமானைக் காட்டினால் ஓட்டையை எண்ணுங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பில் இல்லாததால்தான் இப்போது நான் விழிக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசப்போகிறேன், கையில் இருப்பது 25,000 அனுப்பிய ரசீதும் அந்தப் போட்டோவும்தான்.

போட்டோவைப் பெரிய அளவில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்திருக்கிறேன். பத்து மணிக்குக் கடை திறக்கும். வாங்கிக்கொண்டு நேராக அந்தப் பட்டறைக்குத்தான் போகிறேன்.