பெஞ்ச்ரெஸ்ட் பழக ஸ்பிரிங் கன்னா, பிசிபியா?

பொள்ளாச்சி, வாளையார் பக்கம் புதுசா பெஞ்ச்ரெஸ்ட் ஆசை வந்தவங்க கேக்கறது இதுதானுங்க. பெஞ்ச்ரெஸ்ட்னா மேசை மேல மணல் பை வெச்சு, அதுல ஏர் ரைபிளைத் தாங்கி குறி பாத்து சுடறது. ஸ்பிரிங் கன்ல ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளற காத்துல குண்டு போகும், பிசிபில (PCP) முன்னாலயே பம்ப் அடிச்சு அடைச்சு வெச்ச காத்துல போகும். போர் (குழல் விட்டம்) 0.177 அங்குலம், குண்டோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா ரெண்டுக்குமே லைசென்ஸ் வேண்டாம், அதனால .22 ஏர் ரைபிளை இப்போதைக்கு மறந்துருங்க.

காசு: ஸ்பிரிங் கன் வாங்கி ஸ்கோப் மாட்டுனா செலவு முடிஞ்சுது. பிசிபிக்கு அதுக்கு மேல பம்ப், சீல்னு நீண்டுட்டே போகும்.

உழைப்பு: ஸ்பிரிங்ல பேரலை மடக்குனா ஒரு குண்டு ரெடி. பிசிபிக்கு 200 பார் (காத்து அழுத்தம்) வரைக்கும் கைபம்ப் அடிக்கறதுக்குள்ள சட்டை நனைஞ்சுரும் (ஜிம் காசு மிச்சம்).

குறி: விஷயமே இங்கதான். ஸ்பிரிங் கன்ல பெல்லட் (குண்டு) பேரலை விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே உள்ள பிஸ்டன் ஓடி கன்னை முன்னயும் பின்னயும் உதைக்கும், மணல் பை மேல இறுக்கி வெச்சா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும், பைக்கும் கன்னுக்கும் நடுவுல உள்ளங்கையை தளர்வா வெச்சாத்தான் கொஞ்சம் அடங்கும். பிசிபி வெச்ச எடத்துல கம்முனு கெடக்கும்.

காத்து: ஆனி ஆடியில பாலக்காட்டு கணவாய் காத்து ரெண்டு பெல்லட்டையும் தள்ளத்தான் செய்யும். குறிப்பலகை வழியில துணி நாடா கட்டிப் பாத்து சுடுங்க.

ட்ரிக்கர், மூச்சு பழக ஸ்பிரிங் போதும். 25 மீட்டர் போட்டி கார்டுல 25 வட்டத்துக்கும் ஒவ்வொரு குண்டு போடணும்னா பிசிபிதான், ரெண்டு மூணு பேரா சேந்து ஒரே பம்ப் வாங்கிக்கோங்க.