காட்டோரத்து வீடு: காற்று அருமை, விளக்குதான் தாங்கவில்லை

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “மலையடிவாரத்துல நீங்க இருக்கிற அந்தப் பக்கம் விலை கொஞ்சம் இறங்கியிருக்காமே, இப்ப வாங்கலாமா?” கூடவே விற்பனைக் கையேட்டையும் அனுப்பியிருந்தார். சதுர அடி, கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், காட்டைப் பார்த்த பால்கனி எல்லாம் அதில் இருக்கிறபடியேதான் நேரிலும் இருக்கின்றன. பொய் ஒன்றும் இல்லை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். குடியிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற சங்கதிகள் உண்டு. அவற்றில் ஒன்று பொழுது சாய்ந்தாலே என்னைக் கடுப்பேற்றுகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருவுக்கு மேற்கே முகடு. சமவெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே நிழல் விழுந்துவிடும். மேகமில்லாத நாளாக இருந்தால், மலைச்சரிவு தன் சூட்டை மளமளவென்று வானத்துக்கு விட்டுவிடும். சரிவை ஒட்டிய காற்று குளிரும், குளிர்ந்தது கனக்கும், கனத்தது சரிவோடு கீழே வழியும். பகலில் நேர்மாறு, வெயிலில் சூடேறிய சரிவு பள்ளத்தாக்குக் காற்றை மேலே இழுக்கும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்தது ஒன்று, அது சொல்லிவைத்தாற்போல் அந்தியில் ஜன்னல் வழியே வந்து முகத்தில் படுவது வேறு. பெரிய காற்றெல்லாம் இல்லை. திரைச்சீலை லேசாக அசையும், அவ்வளவுதான். ஆனால் மக்கிய இலையின் வாசத்தையும் ஈர மண்ணின் வாசத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். கோடையின் உச்சத்தைத் தவிர நான் ஏசியைத் தொடுவதே இல்லை. விளம்பரத்தில் ‘மலைக்காட்சி’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். காட்சி சில மாதங்களில் பழகிவிடும், கண் அதைத் தேடாது. காற்று எனக்கு இன்னும் பழகவில்லை. அதை ஏன் ஒருவரும் விளம்பரத்தில் போடுவதில்லை? படம் பிடிக்க முடியாது, அதனாலாக இருக்கும்.

இதில் வாங்குகிறவர்களுக்கு ஒரு உள்குத்து இருக்கிறது. ஓடைக்கரை வரிசைக்குத்தான் கூடுதல் விலை சொல்வார்கள். வழிந்து வருகிற குளிர்காற்று போய்த் தேங்குவதும் அங்கேதான். மேலே போகப் போகக் குளிர் என்பது பொதுவில் சரி, 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். ஆனால் தெளிந்த, காற்றோட்டமில்லாத இரவில் பள்ளத்தாக்குக்குள் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அடிவரிசை வீடுகள் விறைக்கும், காலையில் வெகுநேரம் மூடுபனி விலகாது, சுவர் வியர்க்கும். சரிவின் நடுவில் இருக்கிற வீடுகள் இரவில் கதகதப்பாக இருக்கும். அதே தெருவில், குறைந்த விலையில், நல்ல வீடு நடுவில் கிடக்கிறது. யாரும் கேட்பதில்லை.

ஈரத்தைப் பற்றி இரண்டே வரி. காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேலே நின்றால் தோல் செருப்பு, புத்தக முதுகு, கேமரா லென்ஸ் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். ஈரமுறிஞ்சி வாங்குகிறவர்கள் கம்ப்ரஸர் வகையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வேலை பாதியாகப் படுத்துவிடும்.

தீயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையேட்டில் அந்தச் சொல்லே வராது. 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைச்சரிவுக் குடியிருப்புகளில் பரவிய தீயில் 25 பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட 3000 வீடுகள் போயின. அதே மாநிலத்தின் மான்டெசிட்டோ, பெரும் பணக்காரர்களின் ஊர். முந்தைய மாதம் தீயில் மொட்டையான சரிவின் மேல் 2018 ஜனவரி 9 அன்று கனமழை கொட்டியது. சேறும் பாறையும் இறங்கி 23 உயிர்களைக் கொண்டுபோயின. எரிந்த மண் தண்ணீரை உள்ளே விடாது, அதுதான் காரணம். வீடுகள் பெரும்பாலும் எரிவது தீச்சுவாலை வந்து தொட்டு அல்ல, பறந்து வருகிற பொறி கூரை வடிகாலில் கிடக்கிற சருகில் விழுந்துதான். ஆகவே வடிகாலைச் சுத்தமாக வைத்திருங்கள். வீட்டைச் சுற்றி முதல் ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடிய எதையும், அந்த அழகான மரப்பட்டைத் தூவல் உள்பட, வைக்காதீர்கள். விற்கிறவரிடம் கிளப் ஹவுஸைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், “இங்கிருந்து வெளியேற எத்தனை சாலை?” என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் யோசியுங்கள்.

இனி விளக்கு.

முன்பு தெருவில் சோடியம் விளக்குகள் இருந்தன. மங்கின ஆரஞ்சு வெளிச்சம். எனக்கும் அவற்றின் மேல் பெரிய பிரியம் கிடையாது. குடியிருப்போர் சங்கம் எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றியது. மின்சாரம் மிச்சம் என்றார்கள், உண்மை, மறுப்பதற்கில்லை. அந்த மிச்சத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. இன்னும் கம்பங்கள் நட்டார்கள். அதுவும் 6500 கெல்வின் வெள்ளை. விளக்குப் பெட்டியில் போட்டிருக்கிற இந்த எண் கூடக் கூட நீலம் கூடும் என்று அர்த்தம். பழைய சோடியம் சுமார் 2000 தான். நீல ஒளிதான் வானத்தில் அதிகம் சிதறும், பூச்சிகளை அதிகம் இழுக்கும், நம் உடம்பில் தூக்கத்துக்கான மெலடோனினை அதிகம் அடக்கும். மூன்றும் ஒரே கம்பத்தில், நடு ராத்திரியில், காட்டின் வாசலில்.

தெருவாவது தெரு. வீட்டுக்காரர்கள் இருக்கிறார்களே! காம்பவுண்டு சுவருக்கு மேலே வரிசையாக விளக்கு. மரத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கி விளக்கு. அந்த மரம் என்ன பாவம் செய்ததோ. காரை நிறுத்துகிற இடத்தில் விடிய விடிய விளக்கு, காருக்கு இருட்டென்றால் பயமோ என்னவோ. பின்வீட்டுக்காரர் தங்கமான மனிதர், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஓடி வருவார், அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். ஆனால் அவர் பின்சுவரில் காட்டைப் பார்த்து ஒரு ஃப்ளட் லைட் மாட்டியிருக்கிறார். பாம்பு வந்துவிடுமாம். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது; பூச்சிக்குத் தேரைகள் வந்து விளக்குக்குக் கீழே வட்டம் கட்டி உட்காருகின்றன; தேரையைத் தேடி எது வரும் என்று அவரிடம் சொன்னேன். மறுவாரம் இன்னொரு விளக்கு மாட்டினார்.

விட்டில் விளக்கின் மேல் காதல் கொண்டு விழுகிறது என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு சொல்கிறது. பறக்கிற பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சமான பக்கத்துக்குக் காட்டும். கோடிக்கணக்கான வருடங்களாக இரவில் வெளிச்சமான பக்கம் என்றால் அது வானம்தான். அப்படித்தான் மேல் எது கீழ் எது என்று அதற்குத் தெரியும். பக்கத்தில் ஒரு விளக்கு வந்தால் முதுகை அதற்குத் திருப்புகிறது, திசை கெடுகிறது, சுற்றிச் சுற்றியே செத்துப்போகிறது. காதலாவது கத்தரிக்காயாவது. வழி தவறிப்போகிறது, அவ்வளவுதான். காலையில் படியில் கிடக்கிற அந்துப்பூச்சிகளைப் பெருக்கித் தள்ளும்போது இது ஞாபகம் வந்தால் அன்றைய பொழுது கெட்டது.

ஒரு மழைக்காலத்தில் பெருங்காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. வழக்கமாகச் சில நொடிகளில் ஜெனரேட்டர் உறுமிவிடும். மேல்தட்டுக் குடியிருப்பல்லவா, இருட்டுக்கு இடமே கிடையாது. அன்று அதுவும் பழுது. குழுவில் செய்திகள் பறந்தன, நிர்வாகத்தைத் திட்டித் தீர்த்தார்கள். நான் பால்கனிக்குப் போனேன். கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஆனது. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் புதர்களில் மின்மினிகள். ஒன்று இரண்டு இல்லை, சரிவு முழுக்க. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதே அந்த மினுக்கலை வைத்துத்தான். ஃப்ளட் லைட்டுக்கு எதிரே அது எடுபடாது. எங்கிருந்தோ வந்தவை அல்ல அவை. இத்தனை நாளும் நாங்கள் காசு கொடுத்து அவற்றை மறைத்து வைத்திருந்தோம். விடிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. குழுவில் கைதட்டல்.

சங்கச் செயலாளரிடம் பேசினேன். “சார், பாதுகாப்பு முக்கியமில்லையா?” என்றார். முக்கியம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், தெருவிளக்கைக் குறைத்ததாலோ நள்ளிரவில் அணைத்ததாலோ குற்றமோ விபத்தோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதே சமயம், 2016-ல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்கு வைத்துப் பார்த்த பரிசோதனையில் இரவுக் குற்றம் குறைந்தது. இரண்டையும் அவரிடம் சொன்னேன், மறைக்கவில்லை. ஆனால் இது நியூயார்க் இல்லையே. இங்கே இரவில் வேலியைத் தாண்டி வருவது காட்டுப்பன்றி. அது விளக்கைப் பார்த்துப் போலீஸ் பயம் கொள்ளப்போவதில்லை.

நான் கேட்டது இருட்டைக் கூட இல்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி, வெளிச்சம் தரையில் மட்டும் விழட்டும். வெள்ளைக்குப் பதில் 2200 அல்லது 2700 கெல்வின். பத்து மணிக்கு மேல் சென்சார், ஆள் நடந்தால் எரியட்டும். உலகத்தில் நடக்காத காரியமா இது? அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் 1958-லேயே தேடுவிளக்குகளுக்குத் தடை போட்டது, 2001-ல் உலகின் முதல் ‘இருள்வான நகரம்’ என்று பெயர் வாங்கியது. அதுவும் மலையடிவார ஊர்தான், சுற்றிலும் பைன் காடுதான். பிரான்ஸ் 2018 டிசம்பரில் விதி போட்டு, பொதுவெளி விளக்குகளுக்கு 3000 கெல்வின் என்று உச்சவரம்பு வைத்தது. என் மனுவுக்குக் கிடைத்தது என்னவென்றால், என் படுக்கையறைக்கு எதிரே இருந்த கம்பத்தின் ஒரு பக்கக் கண்ணாடியில் கறுப்பு பெயிண்ட். அதுவும் மழையில் உரிந்துகொண்டிருக்கிறது.

நம் பழைய இலக்கணக்காரர்கள் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதைக் கொடுத்தார்கள். காடாகிய முல்லைக்கு மாலை. மலையாகிய குறிஞ்சிக்கு யாமம், நள்ளிரவு. மலை முழுதாக மலையாக இருப்பது அந்த நேரத்தில்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே நாங்கள் பெரும்பணம் கொடுத்து மலைக்குப் பக்கத்தில் இடம் வாங்குகிறோம், பிறகு அந்த ஒரு பொழுதைச் சுவிட்ச் போட்டு ஒழிக்கிறோம். சமவெளியிலேயே இருந்திருக்கலாமே ஐயா, அங்கே விளக்குக்கு என்ன பஞ்சம்?

சரி, நண்பருக்குப் பதில். வாங்காதீர்கள். காற்றை இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான். இன்றைக்கு இருக்கிற மனநிலையில் இதுதான் வருகிறது. நான் காலி செய்வேனா என்று கேட்டால், மாட்டேன். போன மாதம் ஒரு தரகர் நல்ல விலைக்கு ஆள் இருக்கிறது என்று சொன்னபோது, அந்திக் காற்று வருகிற நேரம் பார்த்து அழைத்துவிட்டார், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டேன். அதனால் என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பகலில் போய்ப் பார்க்காதீர்கள். பகலில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அமாவாசையை ஒட்டி, இரவு பத்து மணிக்கு மேல் போங்கள். படுக்கையறை ஜன்னலில் நின்று கண்ணில் படுகிற விளக்குகளை எண்ணுங்கள். அவற்றில் எத்தனைக்கு உங்கள் கையில் சுவிட்ச் இருக்கும் என்று கேளுங்கள். ஃப்ளட் லைட் இருக்கிற வீட்டுக்குப் பின்வீடு மட்டும் வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும்.