சிகரெட்டா, வேப்பா?

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லாரிகள் நிற்கும் ஒட்டுக்கடையில் சாயங்காலமானால் இரண்டு வாசனை. ஒன்று சிகரெட் நெடி, இன்னொன்று மாம்பழம். மாம்பழம் வேப் எனும் மின்சிகரெட்டிலிருந்து வருவது.

சிகரெட்டில் புகையிலை எரிகிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் புகைதான்: தார், கார்பன் மோனாக்சைடு என 7,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள். வேப்பில் எதுவும் எரிவதில்லை. பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்க, நிக்கோட்டின் திரவம் ஆவியாகிறது. 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு இதில் 95 விழுக்காடு தீங்கு குறைவு என்றது. அந்த எண்ணுக்கு ஆதாரம் போதாது என்று லான்செட் மருத்துவ இதழ் உடனே குட்டு வைத்தது. தீங்கு குறைவு என்பது சரி, எவ்வளவு என்பதில்தான் சண்டை.

முப்பது வருடம் ஊதியவர் முழுசாக வேப்புக்கு மாறினால் லாபம்தான். என் மாமா அப்படி மாறவில்லை. லயத்து வாசலில் வேப், தே தாரிக்குடன் சிகரெட். இரண்டும் சேர்ந்தால் மாறியதற்கு என்ன பலன்?

ஊதவே ஊதாத பையனுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவனுக்கு வேப் மாற்று இல்லை, ஆரம்பம். 2023 மார்ச் 31-இல் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து மலேசிய அரசு எடுத்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேப் விற்கக்கூடாது என்ற சட்டம் 2024 அக்டோபர் 1-இல்தான் நடப்புக்கு வந்தது. நடுவில் ஒன்றரை வருடம் வயதுத் தடையே இல்லை. அப்புறம் ஏன் பள்ளிப் பையில் மாம்பழ வாசம் வராது?