இரட்டைக் கேஜ் செற்: பழைய காரின் ஏசிக்கு வாங்கலாமா?

"காஸ் குறைஞ்சிருக்கும், அடிச்சால் சரி." ஏசி குளிரவில்லை என்று காரைக் கொண்டுபோனால், பல இடங்களில் பொனற்றைத் திறக்க முன்னமே இந்தப் பதில் வந்துவிடும். ஓட ஓடத் தீர்ந்துபோக அது என்ன பெற்றோலா? மூடிய பைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருகிற பொருள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. குறையாமலே குளிராமல் விடுவதற்கும் பல காரணங்கள் உண்டு. இரண்டில் எது என்று காஸின் அழுத்தத்தை அளந்து பிரித்துக் காட்டும் மலிவான சாமான், குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு நீல மீற்றர், கூடிய அழுத்தப் பக்கத்துக்குச் சிவப்பு மீற்றர், மூன்று நிறத்தில் மூன்று ஹோஸ் என்று பெட்டியில் வரும் சீனத்து கேஜ் செற். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கத்து வாகனப் பாட்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். பிரிட்ஜ் திருத்தும் சாமான் விற்கிற கடைகளிலும் கிடைக்கும். 121 கொறோலா, பி14 நிசான் சனி, டொல்பின் என்கிற ரொயோட்டா ஹையேஸ் வான் மாதிரியான வண்டிகள் வைத்திருப்பவர்களுக்காக இதைப் பார்ப்போம். ஒஸ்ரின் கேம்பிறிச், மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

வாங்கும்போது முதலில் மீற்றரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தச் செற்றுகளில் பல வீட்டு ஏசிக்காரருக்கென்று செய்தவை. வெப்பநிலை வளையத்தில் ஆர் 22, ஆர் 404 என்ற காஸ் வகைகள் இருக்கும், காருக்கு வேண்டிய ஆர் 134 ஏ இருக்காது. பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவை வைத்துச் சமாளிக்கலாம் என்றாலும், 134 ஏ வளையம் உள்ளதைத் தேடி எடுப்பது நல்லது. அடுத்தது, காரில் கொழுவும் இரண்டு கப்ளர். நீலம் 13 மில்லிமீற்றர், சிவப்பு 16 மில்லிமீற்றர். அளவு வேறு என்பதால் மாறிக் கொழுவ முடியாது. மலிவுச் செற்றில் முதலில் பழுதாவதும் இந்தக் கப்ளர்தான். உள்ளே இருக்கும் ஊசி, காரின் வாயில் உள்ள வால்வை முழுதாக அமத்தாது. அமத்தாவிட்டால் மீற்றர் குறைத்துக் காட்டும், காஸை அமத்தித் தள்ளும் நல்ல கொம்பிரசருக்கு வீணாகக் குற்றப் பத்திரிகை எழுதப்படும். எஞ்சினை நிற்பாட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழிந்த பிறகும் இரண்டு முள்ளும் ஒரே இடத்துக்கு வரவில்லையென்றால், காரைச் சந்தேகிக்க முன் கப்ளரைக் கழற்றித் திரும்பக் கொழுவிப் பாருங்கள். ஹோஸ் முனையில் உள்ள றப்பர் வொஷரும் சீக்கிரம் தட்டையாகும். நாலைந்து உதிரியாக வாங்கி வைக்க வேண்டும். எதிலும் கொழுவாமல் வைத்திருக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடலாம். நிற்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றி, சின்ன ஸ்குறுவைத் திருப்பிச் சரிக்கட்டலாம். அந்த ஸ்குறு இல்லாத மீற்றர் வேண்டாம்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்துக்கு முந்திய வண்டிகள் ஆர் 12 காஸுக்குச் செய்தவை. அவற்றில் ஹோஸ் கொழுவும் வாய் புரி வைத்தது, இந்தக் கப்ளர் ஏறாது. 134 ஏக்கு மாற்றியிருந்தால் அடாப்டர் பூட்டியிருக்க வேண்டும். அடாப்டரும் இல்லை, மாற்றியதற்கான ஸ்ரிக்கரும் இல்லை என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதற்கு மேல் புதுக் காஸ் சேர்க்கக் கூடாது.

இனி அளவு பார்ப்பது. இரவு முழுக்க நிழலில் நின்ற காரில், எஞ்சின் போட முன், இரண்டு முள்ளும் வெப்பநிலைக்கு ஏற்ற ஒரே அளவில் நிற்கும்: 30 பாகையில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ, 35 பாகையில் 114. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். "நூறு காட்டுது, காஸ் நிறைய இருக்கு" என்பது பிழை. உள்ளே திரவமாக ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் அதே நூறுதான், நிறைய இருந்தாலும் அதே நூறுதான். முள் அதற்குக் கீழே கிடந்தால் மட்டும், திரவமே இல்லாமல் போய்விட்டது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

உண்மை ஓடவிட்டால்தான் தெரியும். கதவுகளைத் திறந்து, புளோவரை முழு வேகத்தில் வைத்து, குளிரைக் கடைசிக்குத் திருப்பி, எஞ்சினை 1500 சுற்றில் பிடிக்க வேண்டும். உள்ளே இழுபடும் காற்று 30 முதல் 35 பாகையில் இருக்கும்போது ரொயோட்டா கைநூல்கள் கேட்கும் அளவு, நீலத்தில் 21 முதல் 36, சிவப்பில் 199 முதல் 228. சித்திரை வெயிலில் ரோட்டோரம் நிறுத்திப் பார்த்தால் சிவப்பு 250 வரை ஏறலாம், அதற்குப் பதறத் தேவையில்லை.

இரண்டும் குறைவு என்றால் காஸ் குறைவு, அதாவது ஒழுக்கு. நீலம் கூடி, சிவப்பு குறைந்து, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கொம்பிரசருக்குள் வால்வு தேய்ந்துவிட்டது. எத்தனை ரின் காஸ் அடித்தாலும் குளிராது. நீலம் பூச்சியத்துக்குக் கீழே வக்கூமுக்கு இழுபட்டு, சிவப்பும் குறைவாகக் கிடந்தால் காஸை விரியவிட்டுக் குளிராக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வோ, ஈரம் உறிஞ்சும் ட்ரையரோ அடைத்திருக்கிறது. அடைத்த இடத்துக்கு அங்கால் பைப் வேர்த்து அல்லது உறைந்து நிற்கும், கையால் தடவிக் கண்டுபிடிக்கலாம். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு வக்கூமுக்கு இழுபட்டு, நிற்பாட்டிப் போட்டால் திரும்பச் சரிவருகிறதா? உள்ளே ஈரம். தண்ணி வால்வின் வாயில் ஐஸாகி அடைக்கிறது, ஐஸ் கரைந்ததும் வழி விடுகிறது. ட்ரையரை மாற்றி நன்றாக வக்கூம் பண்ணாமல் இது போகாது.

யாழ்ப்பாணத்தில் பேச வேண்டியது இரண்டும் கூடின நிலை. நீலம் 50, சிவப்பு 300 என்று நின்றால் காஸ் கூடிவிட்டது என்று திறந்து விடுவதுதான் வழக்கம். அதற்கு முன், தெறிக்கும் தண்ணி கண்ணில் படாமல் விலகி நின்று, ஒரு வாளி தண்ணியைக் காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். சிவப்பு முள் சட்டென்று இறங்கி, உள்ளே குளிரும் வந்தால், காஸைத் தொட வேண்டாம். கொண்டென்சருக்குக் காற்றுப் போகவில்லை, அவ்வளவுதான். ஏசி போட்டவுடன் முன் பான் சுற்ற வேண்டும். பழைய வண்டிகளில் இரண்டு பான் இருந்தால் ஒன்று எப்போதோ செத்துப் போயிருக்கும், யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் புழுதி தகடுகளுக்கு இடையில் ஒட்டிக் காய்ந்து கட்டியாகிவிடும். பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று கடலோரம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று தகடுகளையே அரித்துவிடும். விரலால் தொட்டால் மாவாக உதிரும், அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கழுவக் கூடியதை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய தண்ணியில் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையத்துப் பிறஷர் துப்பாக்கியை நேரே பிடித்தால் தகடுகள் மடிந்து இருந்த வழியும் போகும். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி என்பதால், சூடான கொண்டென்சரில் அடிக்கடி தெளித்துக் காயவிடுவதும் கூடாது. குளிர்ந்த பிறகு கழுவுங்கள்.

இவ்வளவும் சொல்லும் செற், சிலவற்றுக்குக் குருடு. எஞ்சின் ஓடும்போதும் இரண்டு முள்ளும் 97, 100 என்று அசையாமல் நின்றால் கொம்பிரசரை எஞ்சினோடு பிணைக்கும் கிளச் பிடிக்கவில்லை. பிறஷர் சுவிச் காஸ் குறைவுக்கு வெட்டுவது 28 பிஎஸ்ஐ அளவில். ஆகவே நூறு இருக்கும்போது பிடிக்காத கிளச்சுக்குக் காஸ் மருந்தல்ல. பியூஸ், ரிலே பார்த்த பிறகு, கிளச் வயருக்குப் பெற்றறியிலிருந்து நேரே 12 வோல்ற் கொடுக்க வேண்டும். 'டக்' என்று பிடித்தால் பிழை வயரிங்கில் அல்லது சுவிச்சில். பிடிக்காவிட்டால் கொயிலை மீற்றரில் அளக்கலாம், 3 முதல் 4 ஓம் வரை காட்ட வேண்டும். கொயில் நல்லது, ஆனால் அரை மணித்தியாலம் ஓடிச் சூடானதும் கிளச் விட்டுவிடுகிறது என்றால் முகத்தட்டு தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் இருக்க வேண்டும். உள்ளே உள்ள மெல்லிய ஷிம் வொஷரில் ஒன்றை எடுத்தால் பல நேரங்களில் புதுக் கிளச் வாங்காமலே தப்பலாம்.

இரண்டு முள்ளும் சரியான இடத்தில், தடித்த பைப் குளிர்ந்து வேர்த்திருக்கிறது, ஆனால் உள்ளே இளஞ்சூட்டுக் காற்று என்றால் அது ஹீற்றர் பக்கத்துக் கோளாறு. கேபிள் கழன்றோ, உள்ளே காற்றைத் திருப்பும் கதவு உடைந்தோ, ஹீற்றருக்குள் சுடுதண்ணி ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சினிலிருந்து உள்ளே போகும் ஹீற்றர் ஹோஸைத் துணி சுற்றிக் குறடால் கொஞ்ச நேரம் நெரித்துப் பாருங்கள். காற்றுக் குளிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்ரர் எரிந்திருக்கிறது. இதற்குச் செற்றைப் பெட்டியால் எடுக்கவே தேவையில்லை.

காஸ் அடிப்பதற்கும் இதையே பாவிக்கலாம், ஆனால் அதற்கு வக்கூம் பம்பும் வேண்டும். பழைய பிரிட்ஜ் கொம்பிரசரைப் பம்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. காற்றை எடுக்கும், ஈரத்தை எடுக்கும் அளவுக்கு இழுக்குமா என்பதே கேள்வி. 30 பாகையில் உள்ளே நிற்கும் தண்ணி ஆவியாகிப் போக நீல முள் பூச்சியத்துக்குக் கீழே, வக்கூம் அளவில் 29 அங்குலத்தைத் தொட வேண்டும். அங்கே அரை மணித்தியாலமாவது ஓடவிட்டு, இரண்டு வால்வையும் மூடி, பத்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் ஏறினால் ஒழுக்கு இன்னும் இருக்கிறது. சவர்க்கார நுரை, எண்ணெய்ப் புழுதி ஒட்டிய மூட்டு, கொண்டென்சரின் கீழ் மூலை, கொம்பிரசர் முன் சீல், வாயில் உள்ள ஊசி வால்வு என்று தேடிய பிறகே ரின்னைத் திறப்பது. கழற்றிய மூட்டு எல்லாவற்றுக்கும் 134 ஏக்கு உரிய புது ஓ-றிங். ஒழுக்கை அடைக்கும் மருந்து கலந்த ரின்னை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், அது அடைப்பது எக்ஸ்பான்ஷன் வால்வையும்தான்.

அளவு பொனற்றுக்குக் கீழே ஸ்ரிக்கரில் கிராமில் இருக்கும். தராசில் ரின்னை வைத்து நிறுத்து அடிப்பதுதான் முறை. பின் ஏசியும் உள்ள டொல்பின் வானுக்குக் கார் அளவில் அடித்தால் பின் இருக்கைக்காரர் வேர்த்துக்கொண்டுதான் வருவார். எஞ்சின் ஓடும்போது ரின் நிமிர்ந்து நிற்க, நீல வால்வு மட்டும் திறக்க வேண்டும். சிவப்பைத் திறந்தால் மேல் அழுத்தம் ரின்னுக்குள் பாயும், ரின் வெடிக்கும். வேகமாக இறங்கட்டும் என்று கொதிநீரில் வைப்பவர்களும் உண்டு. கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு பிரயோசனம், ரின்னையே சோதிக்கலாம். நிழலில் நின்ற ரின்னைக் கொழுவினால் 30 பாகையில் 97 காட்ட வேண்டும். 150ஐத் தாண்டினால் உள்ளே ஆர் 22 இருக்கிறது. சரியான அளவு காட்டினால் சுத்தம் என்று உறுதி சொல்லவும் முடியாது, ஆர் 12 ஏறத்தாழ அதே அளவுதான்.

ஆண்டுக்கு ஒருமுறை காஸ் அடிக்கும் பழக்கமுள்ள வண்டிக்கு இந்தச் செற் தாராளமாக வாங்கலாம். பம்பும் சேர்த்து வாங்குவது இரண்டு மூன்று பேர் பங்குபோட்டால் மட்டும். கப்ளர் இரண்டையும் உலோகத்தாலான நல்லதாக மாற்றிக்கொண்டால் மீதி எல்லாம் பல வருடம் உழைக்கும். ஒன்றே ஒன்று: வீட்டில் பிரியஸ், அக்குவா நின்றால் அதில் இதே ஹோஸைக் கொழுவாதீர்கள். அவற்றின் மின்சாரக் கொம்பிரசருக்கு வேறு எண்ணெய். பழைய காரின் பிஏஜி எண்ணெய் ஹோஸில் ஒட்டியிருந்து உள்ளே போனால் மின் காப்புக் கெட்டு, கார் மின்கசிவு என்று எச்சரிக்கை விளக்கைப் போடும்.